ஊர்க் கோவிலில் பாரதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பங்குனி பிறந்துவிட்டால் வேலூர், ஆற்காடு, செய்யாறு, வந்தவாசி பக்கத்துச் சுவர்களில் 'மகாபாரத அக்னி வசந்த விழா' என்று சுவரொட்டி ஏறிவிடும். திரௌபதி அம்மன் கோவிலில் கொடி ஏற்றி, பகலில் பாரதச் சொற்பொழிவு, இராத்திரி கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி. எங்கள் ஊர்க் கோவிலில் பிரசங்கியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டு வாசிக்கிறவன் நான். அவர் விளக்கம் சொல்வார், நான் பாட்டைச் சொல்வேன். விழாவுக்காக ஊர் திரும்பும் பிள்ளைகளும், புதிதாக இந்தப் பக்கம் குடிவந்தவர்களும் வருஷா வருஷம் கேட்கிற கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

கோவிலில் படிப்பது வியாசர் பாரதமா?

கதை வியாசருடையது, பாட்டு வில்லிபுத்தூராழ்வாருடையது. வியாசர் பாரதம் வடமொழியில் பதினெட்டுப் பருவம், ஒரு லட்சம் சுலோகம் என்பது வழக்கு. வில்லிபுத்தூரார் அதைப் பத்துப் பருவமாகச் சுருக்கி, நாலாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் விருத்தங்களில் பாடினார். காலம் சுமாராக 1400. தென்னாற்காட்டுப் பக்கத்துச் சனியூர்க்காரர் அவர். வக்கபாகையை ஆண்ட வரபதி ஆட்கொண்டான் கேட்டுக்கொண்டு பாடியது. போர் முடிந்ததும் வில்லி நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு வரும் பருவங்களையும் சேர்த்து 18ஆம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை பெரிதாகப் பாடினார். நடுவில் கதை விரிய வேண்டிய இடத்தில் சில பிரசங்கியார்கள் நல்லாப்பிள்ளையையும் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் மேடையில் சிவப்புத் துணி விரித்து, பூப்போட்டு வைத்திருக்கும் புத்தகம் பெரும்பாலும் வில்லிதான்.

வில்லியைப் பற்றி எங்கள் பக்கத்தில் ஒரு கதை உண்டு. அவர் புலவர்களை வாதுக்கு அழைத்து, தோற்றவர்களின் காதை அறுப்பாராம். திருவண்ணாமலை அருணகிரிநாதர் 'தகர' வரிசை எழுத்துகளை மட்டும் வைத்து ஒரு பாட்டைச் சொல்ல, பொருள் சொல்ல முடியாமல் வில்லி தோற்றாராம். தோற்றவர் காதை அறுக்காமல் அருணகிரியார் விட்டுவிட்டார் என்று கதை முடியும். கதைதான். ஆனாலும் முதல் நாள் சொற்பொழிவில் இதைச் சொல்லாத பிரசங்கியாரை நான் பார்த்ததில்லை.

இந்தப் பக்கத்தில் மட்டும் பாரதம் இவ்வளவு வேரூன்றியது எப்படி?

தொண்டை நாட்டில் பாரதம் வாசிப்பதற்கு ஆயிரத்து முந்நூறு வருஷத்துச் சான்று இருக்கிறது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கூரம் என்று ஓர் ஊர். அங்கே கிடைத்த முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடு 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கோவிலுக்கு விட்ட நிலத்தில் பூசைக்கு இவ்வளவு, பழுது பார்க்க இவ்வளவு என்று பங்கு பிரிக்கும்போது, மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கும் ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். தண்ணீருக்கும் விளக்குக்கும் வைப்பது மாதிரி பாரதம் சொல்ல ஒரு பங்கு! நான் உட்காரும் இடத்தில் எனக்கு முன்னால் எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தால் மேல் சிலிர்க்கும்.

அப்புறம் தெள்ளாறு. வந்தவாசிக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர், பஸ்ஸில் எத்தனையோ தடவை கடந்து போயிருப்பீர்கள். அங்கே நடந்த போரில் மூன்றாம் நந்திவர்மப் பல்லவன் ஜெயித்ததால் அவனுக்குத் 'தெள்ளாறெறிந்த நந்தி' என்று பெயர். 9ஆம் நூற்றாண்டில் அவன் காலத்தில்தான் பெருந்தேவனார் என்பவர் பாரத வெண்பா பாடினார். வெண்பாவும் உரைநடையும் கலந்து வரும் நூல் அது. உத்தியோகம், வீட்டுமம், துரோணம் ஆகிய பருவங்கள் மட்டும்தான் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அதற்கும் முன்னால், சங்கத் தொகை நூல்களுக்குக் கடவுள் வாழ்த்துப் பாடிய இன்னொரு பெருந்தேவனாருக்கு 'பாரதம் பாடிய' என்பதே அடைமொழி. அவர் பாடிய பாரதம் போய்விட்டது, பெயர் மட்டும் நின்றது.

நிர்வாகத்தில் வட ஆற்காடு 1989-இல் இரண்டாகவும், வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றாகவும் பிரிந்தன. பாரதம் வைக்கிற ஊர்களுக்கு அந்தக் கோடுகள் ஒரு பொருட்டில்லை. செய்யாற்றுக் கூத்து ஜமா (கூத்துக் குழு) இராணிப்பேட்டைப் பக்கம் ஆடும், இந்தப் பக்கத்துப் பிரசங்கியார் போளூருக்குப் போவார்.

கூத்தில் வருகிற பல கதைகள் வியாசரிடம் இல்லையாமே? அப்படியானால் பொய்க்கதையா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இப்போது எல்லோரும் செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு வருகிறார்கள். இல்லை என்பது உண்மை, பொய் என்பது தப்பு. மூன்று உதாரணம் சொல்கிறேன்.

அர்ச்சுனன் மகன் அரவான் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். வியாசரிடம் அவன் எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்ற அரக்கன் கையால் சாகிறான். தமிழில் அவன் போர் தொடங்குமுன் காளிக்குத் தன்னையே களப்பலி கொடுக்கிறான். இதை முதலில் சொன்னது நான் மேலே சொன்ன பெருந்தேவனாரின் பாரத வெண்பா. அதாவது இந்தக் கதைக்கு வயது ஆயிரத்து நூறுக்கு மேல். நேற்றுக் கூத்துக்காரர் கட்டியதில்லை.

இன்னொன்று நெல்லிக்கனி. வில்லி இதற்குப் 'பழம்பொருந்து சருக்கம்' என்று பெயர் வைத்திருக்கிறார். வனவாசத்தில் திரௌபதி ஆசைப்பட்டாள் என்று அர்ச்சுனன் ஒரு நெல்லிக்கனியைப் பறித்துவிடுகிறான். அது ஒரு முனிவர் உண்ணுவதற்காகவே பழுக்கும் கனி. அவர் சாபத்துக்குப் பயந்து கண்ணனைக் கூப்பிடுகிறார்கள். 'ஆறு பேரும் மனசில் இருப்பதை மறைக்காமல் சொல்லுங்கள், கனி கிளைக்குப் போய் ஒட்டிக்கொள்ளும்' என்கிறான் கண்ணன். தருமரிலிருந்து சகாதேவன் வரை ஒவ்வொருவராகச் சொல்கிறார்கள். கடைசியாகத் திரௌபதி. ஐம்புலன் போல ஐந்து பேர் கணவராக இருந்தும் இன்னொருவனையும் நினைத்து உருகுகிறது என் மனசு என்று சொல்கிறாள். கனி கிளையில் ஒட்டிக்கொள்கிறது. யாரும் அவளைத் திட்டவில்லை, கதையும் அதோடு நகர்ந்துவிடுகிறது. நாங்கள் தெய்வமாகக் கும்பிடுகிற அம்மனின் கோவிலில், அவள் சந்நிதிக்கு எதிரிலேயே, நானே இந்தப் பாட்டை வாசிக்கிறேன். கீழே உட்கார்ந்திருக்கும் பெண்கள் தலை நிமிர்ந்து கேட்பார்கள். உண்மை சொன்னதற்காகக் கனி மேலே போயிற்று, நல்லவள் என்பதற்காக இல்லை. இந்த வித்தியாசத்தை ஐந்தாம் வகுப்புக்கூடத் தாண்டாத எங்கள் பெரியம்மாக்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது கர்ண மோட்சம். பதினேழாம் நாள் போர். அம்பு தைத்துத் தேரில் சாய்ந்து கிடக்கிறான் கர்ணன். கிழ வேதியராக வந்து கண்ணன் தானம் கேட்கிறான். அப்போது கர்ணன் சொல்வது:

ஆவியோ நிலையிற் கலங்கியது, யாக்கை
அகத்ததோ புறத்ததோ அறியேன்

உயிர் கலங்கிவிட்டது, அது உடம்புக்குள் இருக்கிறதா வெளியே போய்விட்டதா என்றுகூடத் தெரியவில்லை. எல்லாம் இருந்த காலத்தில் நீங்கள் வரவில்லையே என்று வருந்தி, இதுவரை செய்த புண்ணியம் அத்தனையையும் தாரை வார்க்கிறான். தண்ணீருக்குப் பதில் மார்பில் வழியும் இரத்தம். எத்தனை வருஷம் வாசித்தாலும் 'பாவியேன்' என்று அடுத்த அடி தொடங்கும் இடத்தில் எனக்குக் குரல் கட்டிக்கொள்ளும். பிரசங்கியாருக்குத் தெரியும், அந்த இடத்தில் அவரே ஆர்மோனியக்காரரைப் பார்த்துக் கை காட்டிவிடுவார்.

எங்கள் பக்கத்தில் கருமாதி இரவில் கர்ண மோட்சம் கூத்து வைக்கும் வழக்கம் உண்டு. இறந்தவருக்கு அது வழி காட்டும் என்று நம்பிக்கை. ஒரு காவியம் செத்த வீட்டு வாசலில் விடிய விடிய நின்று துணை இருக்கிறது. வியாசரிடம் இருக்கிறதா இல்லையா என்பது அந்த வாசலில் உட்கார்ந்தவருக்குக் கேள்வியே இல்லை.

பாரதத்தை வீட்டில் வைத்துப் படிக்கக் கூடாதாமே?

பங்காளிச் சண்டைக் கதை, வீட்டில் படித்தால் சண்டை வரும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. எங்கள் வீட்டில் நாற்பது வருஷமாகப் புத்தகம் இருக்கிறது, சண்டையும் எல்லா வீட்டிலும் இருக்கிற அளவுக்குத்தான் இருக்கிறது. தாராளமாகப் படியுங்கள்.

எத்தனை நாள் நடக்கும்?

ஊருக்கு ஊர் மாறும். கோவில் வசதி, வீட்டு வரி வசூல் இவற்றைப் பொறுத்து பத்து நாள், பதினெட்டு நாள், சில ஊரில் அதற்கும் மேல். சொற்பொழிவு முதல் நாளே தொடங்கிவிடும், கூத்து பிற்பாதியில்தான். சுவரொட்டியில் எந்த நாள் எந்தக் கூத்து என்று போட்டிருப்பார்கள்.

இராத்திரிக் கூத்து பார்த்தால் போதாதா? மத்தியானச் சொற்பொழிவுக்கு வயசானவர்கள்தானே வருகிறார்கள்?

கூத்தில் ஒரு இரவுக்கு ஒரு கதை. நடுவில் விட்டுப்போனதைச் சேர்த்துக் கோப்பது பகல் சொற்பொழிவுதான். நேற்று இராத்திரி திரௌபதி துகிலுரிதல் கூத்து பார்த்தவர் இன்று மதியம் வந்தால், அந்தச் சபையில் விதுரன் என்ன சொன்னான், வீட்டுமன் (பீஷ்மர்) ஏன் வாய் திறக்கவில்லை என்பதெல்லாம் கேட்கலாம்.

வயசானவர்கள்தான் வருகிறார்கள் என்பது சரி. ஆனால் அவர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். எங்கள் அம்மாவுக்கு எழுத்து தெரியாது, கையெழுத்துகூட ரேகைதான். பந்தலில் தூணோரம் உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்து விதை மல்லாட்டை (நிலக்கடலை) உரித்துக்கொண்டே கேட்பார். நான் வாசிக்க ஆரம்பித்த இரண்டாவது வருஷம் என்று ஞாபகம். திரௌபதி சபதம் செய்கிற பாட்டு. வெற்றி முரசு அறைகிற வரைக்கும் 'விரித்த குழல் இனி எடுத்து முடியேன்' என்று முடியும். நான் அவசரத்தில் 'இனி' என்பதை விழுங்கிவிட்டேன். உரிக்கிற கை நின்றது. முறத்தைக் கீழே வைத்துவிட்டு அம்மா என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பிரசங்கியார் சிரித்துக்கொண்டே, 'பாட்டை இன்னொரு தரம் சொல்லுப்பா, அம்மாவுக்குக் கணக்கு இடிக்குது' என்றார். திரும்பச் சொன்னேன். மல்லாட்டை உடைகிற சத்தம் மறுபடி கேட்டது.

வில்லி விருத்தத்தை அம்மா படித்ததில்லை. ஐம்பது வருஷம் கேட்டிருந்தார், அவ்வளவுதான். எழுதப்பட்ட ஒரு நூல் எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் சீர் தப்பாமல் இருந்தது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடப் பகுதியாக நாம் ஒப்பித்த பாட்டு எத்தனை இப்போது நினைவில் இருக்கிறது?

அர்ச்சுனன் தபசு அன்று மரத்தின் கீழே பெண்கள் ஈரத் துணியோடு உட்கார்ந்திருப்பது ஏன்?

சிவனிடம் பாசுபத அஸ்திரம் வாங்க அர்ச்சுனன் தவம் செய்கிற நாள். கோவில் வெளியில் உயரமான பனைமரத்தை நட்டு, ஏணிப்படி மாதிரி குறுக்குக் கட்டை அடித்து, உச்சியில் பலகை கட்டியிருப்பார்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் அன்று விரதம். படிக்கு ஒரு பாட்டாகப் பாடி ஏறுவார். ஏறி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிடிமானம் எதுவும் கிடையாது. உச்சியில் பூசை முடித்து எலுமிச்சம்பழம், விபூதி, பூ எல்லாவற்றையும் கீழே எறிவார். பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் குளித்த ஈரத்தோடு மடியேந்திக் காத்திருப்பார்கள். மடியில் பழம் விழுந்தால் அடுத்த விழாவுக்குள் தொட்டில் கட்டலாம் என்று நம்பிக்கை. பழம் கிடைக்காதவர்களுக்குக் கிடைத்தவர்கள் தங்கள் பூவில் கொஞ்சம் பிய்த்துக் கொடுப்பதையும் பார்த்திருக்கிறேன்.

படுகளத்தில் துரியோதனனுக்காக ஏன் அழுகிறார்கள்? அவன் கெட்டவன்தானே?

பதினெட்டாம் போர் அன்று காலை, கோவிலுக்கு எதிரில் மண்ணால் துரியோதனனைப் படுக்க வைத்த கோலத்தில் செய்திருப்பார்கள். முப்பது நாற்பது அடி நீளம் இருக்கும். தொடையில் குங்குமம் கரைத்த சட்டி புதைத்திருக்கும். இரவெல்லாம் ஆடிய வீமனும் துரியோதனனும் விடிந்ததும் அந்த மண்ணுருவைச் சுற்றி ஓடி ஓடிச் சண்டை போடுவார்கள். வீமன் கதையால் தொடையில் அடிக்க, சட்டி உடைந்து சிவப்பு வழியும். அம்மனின் கூந்தலை அங்கேதான் முடிப்பார்கள். சபதம் நிறைவேறியது.

உடனே ஒப்பாரி தொடங்கும். காந்தாரி வேஷக்காரர் முறமும் துடைப்பமுமாக வந்து மகனுக்காக மாரடிப்பார். ஊர்ப் பெண்களும் சேர்ந்து அழுவார்கள். சற்று முன்பு 'அடி அவனை' என்று கத்தினவர்கள்தான். நூறு பிள்ளை பெற்றவள் ஒரு பிள்ளைகூட மிச்சமில்லாமல் நிற்கிறாள். அழாமல் என்ன செய்வது? அந்த வருஷம் வீட்டில் சாவு கண்டவர்கள் அங்கே அழுது தீர்ப்பதைப் பார்த்தால் உங்களுக்கே புரிந்துவிடும். பிறகு அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துப்போய் நெல் குதிரிலும் வயலிலும் போடுவார்கள். சாயங்காலம் தீமிதி.

வாசலில் முத்தால ராவுத்தர் என்று ஒரு சாமி இருக்கிறதே, முஸ்லிம் பெயராக இருக்கிறதே?

முஸ்லிம்தான். போத்துராஜா மாதிரி அவரும் அம்மனுக்குக் காவல். பல திரௌபதி கோவில்களில் இரண்டு பேரும் இருக்கிறார்கள். இவர் எப்படி வந்தார் என்பதற்கு ஊருக்கு ஒரு கதை. நவாபு ஆண்ட ஆற்காட்டுப் பக்கத்தில் இதை யாரும் வித்தியாசமாக எடுத்துக்கொண்டதில்லை.

யார் வேண்டுமானாலும் வரலாமா?

வரலாம், வர வேண்டும். ஆனால் மறைத்துப் பேசக் கூடாது: கோவிலுக்குள் யார் வரலாம், யார் தெருவுக்குச் சாமி போகும் என்று சண்டை பிடிக்கிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. குலம் கேட்டுக் கர்ணனை அவமானப்படுத்திய கதையை மேடையில் கேட்டுக் கண்ணீர் விட்டுவிட்டு, விடிந்ததும் பக்கத்துத் தெருக்காரனைப் படியேற விடாமல் நிறுத்துவது பாரதத்துக்குச் செய்கிற துரோகம். எங்கள் ஊரில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசித் தீர்த்தார்கள். லேசில் முடியவில்லை, மூன்று வருஷம் விழாவே நின்றிருந்தது.

விராட பருவம் படித்தால் மழை வருமா?

எங்கள் அப்பா காலத்தில் வறட்சி வந்தால் பாலாற்று மணலில் பந்தல் போட்டு விராட பருவம் மட்டும் தனியாகப் படிப்பார்களாம். இதற்குக் கதையிலேயே காரணம் இருக்கிறது. பாண்டவர்கள் ஒளிந்திருக்கும் இடத்தைத் துரியோதனன் தேடும்போது, தருமன் இருக்கிற நாட்டில் மழை தவறாது என்று அடையாளம் சொல்கிறார் வீட்டுமர். அதனால் அந்தப் பருவத்தோடு மழை சேர்ந்துகொண்டது. வரும் என்று நம்பிப் படித்தவர்களை நான் மதிக்கிறேன். பாலாற்றில் மணலை அள்ளாமல் விட்டிருந்தால் தண்ணீரும் கூடக் கொஞ்ச நாள் நின்றிருக்கும்.

கூத்துக்காரர்களைப் பற்றிச் சொல்லுங்கள்.

செய்யாற்றுப் பக்கத்துப் புரிசையின் பெயர் எல்லோருக்கும் தெரியும். தம்பிரான் பரம்பரை அங்கேதான். நடேசத் தம்பிரானின் ஆட்டத்தால் ஈர்க்கப்பட்டவர் எழுத்தாளர் ந. முத்துசாமி. அவர் 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் பயிற்சி கொடுத்தார். ஆனால் பெயர் தெரியாத ஜமாக்கள்தான் அதிகம். பகலில் கூலி வேலை, கட்டட வேலை செய்துவிட்டு இரவு கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் ஆடுகிறவர்கள். முகவீணை என்கிற ஊதுகருவி வாசிக்க ஆள் குறைந்துவிட்டது, அது எனக்குப் பெரிய கவலை. பந்தலில் அவர்களைப் பார்த்தால் டீ வாங்கிக் கொடுங்கள். கூத்தை அறிவித்து நடத்துகிற கட்டியக்காரன் உங்கள் பெயரைக் கூப்பிட்டு அன்பளிப்பு அறிவிக்கும்போது பத்து ரூபாய் கொடுத்தாலும் கூச்சப்பட வேண்டாம்.

பாட்டு புரியவில்லை. எதில் தொடங்கலாம்?

வில்லி பாரதத்துக்கு வை.மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியார் எழுதிய உரை இருக்கிறது, சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் சொல்லியிருப்பார். முதலிலிருந்து தொடங்க வேண்டாம். கர்ண பருவத்தின் பதினேழாம் போரை எடுங்கள். வாய்விட்டுப் படியுங்கள், கண்ணால் படித்தால் வில்லி பிடிபடமாட்டார். வியாசர் முழுதும் தமிழில் வேண்டுமென்றால் கும்பகோணத்திலிருந்து ம.வீ. ராமானுஜாசாரியார் கொண்டுவந்த பதிப்பு இருக்கிறது. அது பல வருஷத்து வேலை, படிக்கவும் பொறுமை வேண்டும்.

ஒரே ஒரு இரவுதான் லீவு கிடைக்கும். எந்தக் கூத்துக்கு வரலாம்?

கர்ண மோட்சம். பத்து மணிக்குக் கட்டியக்காரன் வருவான், ஆனால் ஒன்பதுக்கே வந்து முன்வரிசையில் பாய் போட்டுவிடுங்கள், பிறகு இடம் கிடைக்காது. போர்வை அவசியம், சித்திரையிலும் விடியற்காலம் பனி இறங்கும். பிள்ளைகள் தூங்கினால் தூங்கட்டும். கர்ணன் சண்டைக்குப் புறப்படும்போது அவன் மனைவி பொன்னுருவி வழி மறிக்கிற இடம் மூன்று மணி வாக்கில் வரும், அப்போது மட்டும் எழுப்பிவிடுங்கள். எங்கள் அம்மாவும் என்னை அங்கேதான் எழுப்புவார்.